பாத்திரம் காலியாகவே வரட்டும்

அன்பு மகள் நளினிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதும்போது நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். தைத்து வந்த ரவிக்கையின் கை இறுக்கமாக இருக்கிறது என்று நீயும், சாப்பாட்டைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று அம்மாவும் அரைமணி நேரமாக வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். எழுந்து வந்து நாலு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம்தான். ஆனால் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க மேசையில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு, எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. அது முடிந்த ஐந்தாம் நாள் நீயும் மாப்பிள்ளை பிரவினும் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு விமானம் ஏறுகிறீர்கள். அதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், இன்னொரு விஷயத்தைத் தெரியப்படுத்த வேண்டும். இரண்டாவது நல்ல செய்தி. அதைக் கடைசியில்தான் சொல்வேன். எனவே நடுவில் பக்கத்தைத் தாண்டிப் போகாமல் ஒழுங்காகப் படி.

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். சேலைக்கடைக்கு மேலே இருக்கும் நம் வழக்கமான அறை. தே தாரே டீயும் வடையும் தீர்ந்த பிறகு நீ எழுந்து நின்று, நீல அட்டை போட்ட அந்த நோட்டைத் தூக்கிக் காட்டினாய். "நான் போனப்புறம் யாராச்சும் இத எடுத்துக்கணும். யார் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டாய். அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எந்த வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பெரிய வியாதி, அந்த வீட்டுக்கு எந்தக் கிழமை யார் சாப்பாடு கொண்டுபோவது, பிள்ளைகளை யார் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, ஆஸ்பத்திரிக்கு யார் கார் எடுப்பது, எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் அந்த நோட்டில் பெயர் இருந்தவர்கள். அதன் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்தார், ஒருவர் காலி கிளாசைக் குடித்தார். உன் அப்பாவாகிய நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதில் மூன்று இறக்கை இருக்கிறது, ஒன்றில் தூசி அதிகம்.

நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். பிறகு, சரி லா, பார்க்கலாம் என்று சொல்லி நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாய். கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறியதிலிருந்து கிள்ளான் வந்து இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாய். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நீ கேட்காததுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் தூக்காவிட்டாலும் அப்பா கையைத் தூக்குவார் என்று நினைத்திருக்கிறாய். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விசிறியைப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் உன் பதின்மூன்றாம் வயதுக்குப் போக வேண்டும். எனக்குக் குடலில் கான்சர் என்று சொல்லி அறுத்துத் தைத்து, அதன்பிறகு எட்டு மாதம் கீமோ கொடுத்த வருடம் அது. அம்மா பள்ளிக்கூட ஆபீசில் கிராணியாக, குமாஸ்தா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் படுக்கையும் வாளியுமாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் சமூக சேவை அதிகாரியாக இருந்த மிஸ் ராதா, அப்பாவோ அம்மாவோ பெரிய வியாதியில் படுத்திருக்கும் குடும்பங்களைச் சேர்த்து ஒரு திட்டம் ஆரம்பித்திருந்தார். சனிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸில் கூடுவோம். பெரியவர்கள் ஓர் அறையில், பிள்ளைகள் ஓர் அறையில். வாரநாட்களில், கொஞ்சம் தெம்பாக இருக்கிற குடும்பம் அன்றைக்கு முடியாத குடும்பத்துக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். பதினொரு குடும்பம். நம் வீட்டுக்குத் திங்களும் வியாழனும் சாப்பாடு வரும். முதல் திங்கட்கிழமை ஸ்டெல்லா அக்கா சாதம், பருப்பு, முட்டைக்கோஸ் பிரட்டல் எல்லாம் அடுக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நீ இரண்டு தட்டு சாப்பிட்டாய். நான் அறையிலிருந்து தட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எனக்குத்தான் எதைத் தின்றாலும் இரும்பை நக்கின மாதிரி இருந்தது. நீ சாப்பிடும் சத்தம் நன்றாக இருந்தது.

அடுத்து நான் செய்ததைத்தான் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். அம்மா அடுக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து, நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். நான் படுத்தபடியே, வெறும் பாத்திரமாகவா கொடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். நம் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. பாத்திரம் நிறைந்து வந்தால் நிறைந்துதான் திரும்ப வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட வேண்டும். அதிலும் நம் குடும்பம் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம், எவர் வீட்டிலும் கை நனைக்காமலே வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பம். கான்சர் வந்தாலும் கௌரவம் படுக்கவில்லை. அம்மா ரவையை வறுத்துக் கேசரி கிண்டினாள். வியாழக்கிழமைப் பாத்திரத்துக்கு உளுந்து வடை. மறுவாரம் லட்டு. வேலைக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுபோய், என் வாளியைக் கழுவி, வரும் சாப்பாட்டால் மிச்சமான நேரத்தை எல்லாம் அந்தச் சாப்பாட்டுக்குப் பதில் செய்வதில் செலவழித்தாள். சமைக்க வேண்டாம் என்பதற்காக வந்த சாப்பாடு வீட்டில் இரட்டைச் சமையலாகிவிட்டது. நான் கட்டிலில் கிடந்து, முந்திரி போட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் எழுந்து போய் அந்த ஆளை ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

ஒரு சாயங்காலம் ரவை கருகுகிற வாசம் வந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, கையில் கரண்டியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் கோணலாக வந்தது. மறுநாள் மிஸ் ராதாவுக்கு போன் போட்டு, நாங்களே சமாளித்துக்கொள்கிறோம், எனக்கு டயட் இருக்கிறது, சாப்பாடு வேண்டாம் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். பாத்திரம் வராவிட்டால் திருப்பித் தரவும் வேண்டாம் அல்லவா. அதன் பிறகு ஒன்பது நாள் நீ மேகி மீ நூடுல்ஸும் ரொட்டியும் தின்றாய். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மேகி எனக்குப் பிடிக்கும்பா என்றாய். உனக்கு அது பிடிக்காது என்று எனக்கு அப்போதே தெரியும்.

நம் வீடு மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரு மாதத்துக்குள் பதினொன்றில் ஏழு வீடு சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ஒருவர் விரதம் என்றார், ஒருவர் மாமியார் வந்திருக்கிறார் என்றார், மணியம் அண்ணன் தன் மனைவி லெட்சுமி அக்காவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மிஸ் ராதா சமையலில் குறையோ, சாதி பார்க்கிறார்களோ, சைவம் அசைவம் பிரச்சினையோ என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். சனிக்கிழமை பெரியவர்களைக் கேட்டால் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒன்றுமில்லை என்றோம். திட்டம் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. அவர் கடைசி முயற்சியாகப் பிள்ளைகள் அறைக்குப் போய்க் கேட்டார். நீ எழுந்து நின்றாய். "எங்க வீட்டுல பாத்திரம் திருப்பிக் குடுக்கப் பலகாரம் இல்ல மிஸ். அதான் அப்பா வேணாம்னுட்டாரு" என்று சொன்னாய். பின்னால் ஒரு கை எழுந்தது, எங்க வீட்டுலயும் மிஸ். இன்னொரு கை. இன்னொன்று. நடுவில் இருந்த பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏழு வீட்டுப் பெரியவர்களும் அதைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நான் உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நினைவிருக்கிறதா? பதினோரு குடும்பத்துக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று எனக்கு ஆத்திரம். மூன்றாம் நாள் மிஸ் ராதா சொல்லி மறுபடியும் ஸ்டெல்லா அக்காவின் அடுக்குச்சட்டி வந்தது. நீயே கழுவினாய். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலை மரத்தில் ஒரு கொத்து ஒடித்து உள்ளே போட்டு மூடினாய். என்னிடம் காட்டிவிட்டு, "இப்ப வெறும் பாத்திரம் இல்லப்பா" என்றாய். மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. அடுத்த சனிக்கிழமையே அது சட்டமாகிவிட்டது. பாத்திரம் திரும்பும்போது கறிவேப்பிலை போதும், அதற்கு மேல் போட்டால் அபராதம் என்று மிஸ் ராதா அறிவித்தார். மரம் இல்லாதவர்கள் நம் வீட்டில் வந்து ஒடித்துக்கொண்டு போனார்கள், சாப்பாடு கொடுத்த வீட்டுக்கு நம் இலையே போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் மரம் மொட்டை. வேலை முடிந்ததும் ஒருவரை ஒதுக்கிவிட்டால் கறிவேப்பிலையாக ஆக்கிவிட்டார்கள் என்று புலம்புவார்கள். அந்த வருடம் கறிவேப்பிலைக்கு இருந்த மரியாதை நாட்டில் எவருக்கும் இல்லை.

நீ பிறகு நடத்திய காலத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடுவில் நான் இந்தத் திட்டத்தை இரண்டாம் முறை கொல்லப் பார்த்தது உனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு வருடம் ஆனதும் ஆஸ்பத்திரித் திட்டத்தின் தவணை முடிந்தது, மிஸ் ராதாவுக்கு சரவாக்குக்கு மாற்றல் வந்தது. அழுதுகொண்டே வழியனுப்பினோம். அனுப்பிவிட்டு என்ன செய்தோம்? தமிழர் பதினோரு குடும்பம் ஓர் அறையில் இருந்தால் என்ன செய்வோமோ அதைத்தான். சங்கம் அமைத்தோம். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், ஆலோசகர்கள் மூவர். பதினோரு குடும்பத்தில் பொறுப்பில்லாத குடும்பம் மூன்றுதான். செயலாளர் நான். உடம்பு தேறியிருந்தது, ஆபீஸ் கை நமநமத்தது. கூட்டக் குறிப்பு எழுதினேன், போன கூட்டக் குறிப்பை ஏற்றுக்கொள்ளும் குறிப்பை எழுதினேன். திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் வாங்கிய எந்தப் பெரிய மனிதரைக் கூப்பிடுவது, பொன்னாடை என்ன நிறம், பேனரில் யார் படம் முதலில் என்று மூன்று சனிக்கிழமை பேசினோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டு, வருவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் ரவாங்கில் ஒரு வீட்டுக்கு ஒருவரும் சாப்பாடு கொண்டுபோகவில்லை. போக வேண்டியவர் துணைத்தலைவராகியிருந்தார்.

அதைக் கண்டுபிடித்தது அம்மா. கூட்டத்தின் நடுவே எழுந்து, பலகையில் ஒட்டியிருந்த சாப்பாட்டுப் பட்டியலை மட்டும் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நீங்க சங்கம் நடத்துங்க, நான் சோறு குடுக்கறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். சங்கம் அந்த மாதமே கலைந்தது. பட்டியல் நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆறு வருடம் ஒட்டியிருந்தது. பிறகு நீ அதை நோட்டாக்கினாய், வாட்சப் குழுவாக்கினாய். நல்ல காரியத்தைப் பதவியாக்கினால் அதைச் செய்ய ஆள் இருக்காது என்று அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். எதைக் கற்றுக்கொண்டோம், எதைத் தப்பாகக் கற்றுக்கொண்டோம் என்பது இந்த வாரம்தான் தெரிந்தது. அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் லெட்சுமி அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் என்னைப் போலத் தேறி எழுந்துவிடவில்லை. அக்கா போன பிறகு மணியம் அண்ணன் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அம்மா, அந்த வீட்டுல இன்னும் மூணு பேரு சாப்பிடுறாங்க என்றாள். மேலும் ஒன்றரை வருடம் அந்த வீட்டுக்குச் சாப்பாடு போனது. அந்தப் பிள்ளைகளின் தலையில் எண்ணெய் தேய்த்து, சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டி வந்தது நீ. இதில் எனக்கு அறிவுரை சொல்ல ஒன்றுமில்லை, நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். பெர்த்தில் எவர் வீட்டுக்காவது உதவப் போனால், வியாதி முடிந்ததும் உன் வேலை முடிந்ததாக நினைக்காதே என்று எழுத வந்தேன். எழுதும்போதே, அது எனக்கு முன்னால் உனக்குத் தெரியும் என்பது நினைவு வந்துவிட்டது.

இப்போது விசிறிக்கு வருகிறேன். கையைத் தூக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. இரண்டு முறை இந்தக் காரியத்தைக் கெடுத்த கை இது, மூன்றாம் முறையும் கெடுத்துவிடுமோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நான் தேறிய பிறகு இத்தனை வருடத்தில் ஒரு வியாதிக்கார வீட்டுக்குள் போனதில்லை. நீ கவனித்திருக்கிறாயோ இல்லையோ, கார் ஓட்டுவேன், வாசலில் நிறுத்துவேன், நீயோ அம்மாவோதான் உள்ளே போவீர்கள். அந்த மருந்து வாசமும், ஜன்னல் திரை இழுத்துவிட்ட அறையும், கட்டிலுக்குக் கீழே வாளியும். உள்ளே போனால் மறுபடி நான் அங்கே படுத்துவிடுவேன் என்று தோன்றும். அறுபத்திரண்டு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தப் புதன்கிழமை நீயும் அம்மாவும் கல்யாணச் சேலை எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனீர்கள். காலையில் நீ குழுவில் எழுதியிருந்தாய்: இன்றைக்கு கிள்ளானில் சுமதி அக்கா வீட்டுக்கு என் முறை, போக முடியவில்லை, யாராவது போக முடியுமா? பதினொரு மணி வரை ஒருவரும் பதில் போடவில்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று மட்டும் நீல நிறத்தில் காட்டியது. சுமதியின் புருஷன் கோபாலுக்கு எனக்கு வந்த அதே இடத்தில் அதே வியாதி. பத்து வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள். நான் கொஞ்ச நேரம் கூடத்தில் நடந்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பருப்பை வேகப்போட்டேன். ஆமாம், நான்தான். புளி எவ்வளவு என்று தெரியவில்லை, கையில் வந்ததைக் கரைத்தேன். சாதம், சாம்பார், அப்பளம். எல்லாவற்றையும் நம் பழைய அடுக்குச்சட்டியில் வைத்து, முன் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிக் கொண்டு போனேன்.

சுமதி வீட்டுக் கேட்டுக்கு முன்னால் மணியம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், இப்போது மோட்டார் சைக்கிள்தான். பின் சீட்டில் ஒரு சட்டியை ரப்பர் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் அகப்பட்ட மாதிரி விழித்து, "நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் லா" என்றார். அதற்குள் பின்னால் ஒரு கார் நின்றது. இறங்கியது ஸ்டெல்லா அக்கா, கையில் பாத்திரம். "சும்மா வரவரு சட்டியோடயா அண்ணே வருவாரு?" என்று கேட்டார். மூன்று மூடியையும் திறந்து பார்த்தோம். மூன்றும் சாம்பார். நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே சாப்பாடு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் வந்து, நளினி பெயரில் ஆர்டர் என்று சைவ நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, நான்கு பொட்டலத்தை நீட்டினார். நீ எங்கள்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவுதான். உன்மேல் குற்றமில்லை.

போன சனிக்கிழமை ஏன் கை தூக்கவில்லை என்று நான் அவர்களைக் கேட்டேன். மணியம் அண்ணன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "தூக்குனா தலைவராக்கிடுவீங்க பாஸ். அந்தக் கூத்து எனக்கு மறக்கல" என்றார். ஸ்டெல்லா அக்கா தலையை ஆட்டினார். எனக்கு ஒரே சமயத்தில் வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஒருவரும் கைவிடவில்லை, நளினி. கையைத் தூக்கத்தான் பயந்தார்கள், சட்டியைத் தூக்க ஒருவரும் பயப்படவில்லை. ஆனால் மூன்று சாம்பாரும் ஒரு நாசி லெமாக்கும் ஒரே வாசலில் நின்றால், மற்ற நாளில் ஒன்றுமே வராது என்பதும் தெரிந்தது. அதற்குத்தான் நோட்டு.

உள்ளே போனேன். நானும்தான் போனேன். அதே வாசம், அதே திரை, அதே வாளி. கட்டிலில் நான் இல்லை, கோபால் இருந்தான். மெலிந்த பையன். எதிரில் நான்கு சாப்பாட்டையும் வரிசையாக வைத்ததும் தலையணையில் சாய்ந்து பார்த்துவிட்டு, "கல்யாண வீடு மாதிரி இருக்கே அங்கிள்" என்று சொல்லிச் சிரித்தான். மூத்தவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அது உன்னுடையது. நான் திரையை விலக்கிவிட்டேன். கோபாலிடம் இரும்பு ருசி பற்றிப் பேசினேன், தயிரில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் போட்டால் இறங்கும் என்றேன். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

கிளம்பும்போது சுமதி என் அடுக்குச்சட்டியைக் கழுவிக் கொண்டுவந்தாள். கையில் கொடுக்காமல் அலமாரியைத் திறந்து துழாவினாள். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோக வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்து உள்ளே வைக்கப் போனாள். "வேணாம்மா, வெறுமனே குடு" என்றேன். "எப்படி அங்கிள் வெறும் பாத்திரத்தக் குடுக்கறது? நல்லா இருக்காது" என்றாள். கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு. நான் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேசரிக் கதையைச் சொன்னேன். முந்திரி போட்டாயா என்று கேட்டதையும் விடவில்லை. ஸ்டெல்லா அக்கா, அந்தக் கேசரியை எல்லாம் எங்க வீட்டுல யாரும் சாப்பிடல, அவ்வளவு கட்டி என்று பதினான்கு வருட ரகசியத்தைப் போட்டு உடைத்தார். சுமதி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு பிஸ்கட்டை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் காலிப் பாத்திரத்தைக் கொடுத்தாள். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கறிவேப்பிலைகூட இல்லாமல் நான் வாங்கிய முதல் பாத்திரம் அது. வீடு வரும்வரை முன் சீட்டில் அதன் மூடிகள் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தன. எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. கான்சர் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட இப்படி இல்லை. அன்றைக்குப் பயம்தான் இருந்தது.

நேற்று முழுக்க உன் பையில் நீல நோட்டைத் தேடினாய். அம்மாவைக் கூடக் கேட்டாய். நான்தான் எடுத்தேன். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த பக்கத்தைத் திறந்து என் கையெழுத்தில் ஆரம்பித்துவிட்டேன், இனித் திருப்பித் தர முடியாது. சாப்பாட்டுக் கிழமைகளை நான் பார்க்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஸ்டெல்லா அக்கா பார்ப்பார். ஆஸ்பத்திரிக் கார் ஓட்டம் மணியம் அண்ணன் பொறுப்பு, ஒரே நிபந்தனை அவருக்குப் பட்டம் எதுவும் கூடாது. எனக்கும் கிடையாது. என்னை மேற்பார்வை பார்க்கிற வேலையை அம்மா கேட்காமலே எடுத்துக்கொண்டாள். புளி அளவையும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நாளைக்கு சனிக்கிழமை, நீ எழுந்து நின்று கேட்க வேண்டிய அவசியமில்லை. வடையைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திரு.

கடைசியாக ஒன்று. உன் சீர்ப் பாத்திரங்களை அம்மா இப்போதே கூடத்தில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். குடத்தில் அரிசி, டப்பாவில் பருப்பு, தூக்கில் சர்க்கரை, ஒன்றும் வெறுமனே போகக்கூடாது என்பது வழக்கம். அவற்றோடு அந்தப் பழைய அடுக்குச்சட்டியையும் வைத்திருக்கிறேன். நாலு அடுக்கும் காலி. இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டுவிட்டு அம்மா சம்மதித்தாள். சபையில் யாராவது கேட்டால், பெர்த் விமான நிலையத்தில் ஓர் இலையைக்கூட உள்ளே விடமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார், ஆகவே சட்டப்படியே அப்படித்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொள்வோம். காரணம் உனக்கு மட்டும். அங்கே ஒரு நாள் உனக்கு முடியாமல் போகும். உடம்போ மனசோ, வீடோ வேலையோ, எதுவோ ஒன்று. அன்றைக்கு, எங்களால் சமாளிக்க முடியும் என்று யாருக்கும் போன் போடாதே. மேகி பிடிக்கும் என்று சொல்லாதே. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இந்தப் பாத்திரத்தை நீட்டு.

எங்களைப் பார்க்க வரும்போதும் அதைக் கொண்டு வா. கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. கழுவக்கூட வேண்டாம், அப்படியே காலியாகக் கொண்டுவந்து என் கையில் கொடு. அப்பாவுக்கு இப்போது வாங்கத் தெரியும்.

அன்புடன்,
அப்பா